உடுக்கை இடை எழுத்து: ஒரு தேயிலை போர்டுக்கு எது பொருந்தும்?

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படகர் ஊர்) தங்கச்சி ஒருத்தர் மார்ச் மாதம் குன்னூரில் என் கடைக்கு வந்தார். வீட்டுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. இத்தனை நாளும் பசுந்தேயிலையைப் பறித்து ஃபேக்டரி வண்டியில் ஏற்றிவிட்டு, கிலோவுக்கு என்ன போடுவார்களோ என்று காத்திருந்த குடும்பம். இப்போது கொஞ்சம் இலையை ஒதுக்கி, இலையை உருட்டிச் செய்யும் ஆர்த்தோடாக்ஸ் தூளாகத் தாங்களே செய்து விற்கப் போகிறார்கள். கோத்தகிரி ரோட்டோரத்தில் சின்னக் கடை. மே சீசனுக்குள் கடையின் நெற்றிக்கு 8 அடி நீளம், 2 அடி உயரத்தில் ஒரு மரப் போர்டு வேண்டும். 100 கிராம் பாக்கெட்டுக்கு ஒரு லேபிளும் வேண்டும்.

“அண்ணா, ஊட்டில பழைய சர்ச்சுக் கல்லுல ஒரு எழுத்து இருக்குமே. கனமா இருக்கும், ஆனா மொத்தையா இருக்காது. அது மாதிரி வேணும்” என்றார். போனில் படமும் எடுத்து வைத்திருந்தார். செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச் பக்கம் எடுத்தது. 1830-இல் அர்ப்பணித்த சர்ச். அங்கே கல்லறைக் கல்லுக்குக் குறைவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்தின் தண்டு நடுவில் லேசாக ஒடுங்கி, மேலும் கீழும் போகப் போக விரிகிறது. நுனியில் தனியாகக் கால் எதுவும் ஒட்டவில்லை. உடுக்கையைப் பக்கவாட்டில் பார்த்தால் எப்படி இருக்கும், அதே வடிவம். பத்திரிகையில் வரும் ஆங்கில எழுத்துக்கு அடியில் மெல்லிய பலகை மாதிரி ஒரு கால் நிற்குமே, அது சாதாரண செரிஃப். பஸ் போர்டில் வருவது காலே இல்லாத மொட்டை எழுத்து. இந்த உடுக்கை வகை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஃப்ளேர்டு செரிஃப் என்பார்கள். நம் கடைகளில் இதற்கென்று தனிப்பெயர் கிடையாது. என் அப்பா மட்டும் “இடை வச்ச எழுத்து” என்பார். அவர் பிரஷ் பிடித்து போர்டு எழுதிய ஆள்.

சரி, எழுத்தின் ஜாதி தெரிந்துவிட்டது. அந்த ஜாதிக்குள்ளேயே எழுத்துரு ஏகப்பட்டது இருக்கிறது. ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்: சின்செல், காப்பர்பிளேட் காதிக், ஆப்டிமா, ஃப்ரிஸ் குவாட்ராட்டா, ஆல்பர்டஸ். எல்லாவற்றிலும் கனமான வார்ப்பு. போர்டில் வரப்போகும் சொற்கள் தமிழில் ‘நீலகிரி தேயிலை’, அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ‘நீல்கிரி டீ’.

அந்த ஆங்கில வரியில் ஒரு வேடிக்கை உண்டு. பத்தே எழுத்து, அதில் மூன்று ‘ஐ’. ஐ என்றால் ஒரு தண்டு, வேறொன்றுமில்லை. மொட்டை எழுத்தில் எழுதினால் வேலிக்கு நட்ட கல் மூன்று நிற்கிற மாதிரி இருக்கும். உடுக்கை எழுத்தில் அந்த ஒற்றைத் தண்டுக்கும் ஒரு இடை, ஒரு நிமிர்வு வந்துவிடுகிறது. தங்கச்சிக்கு அந்தக் கல்லில் எது பிடித்தது என்று யோசித்தபோது இதுதான் என்று பட்டது. ஆகவே ஒவ்வொரு எழுத்துருவிலும் முதலில் ஐ-யைத்தான் பார்த்தேன்.

குன்னூரில் எழுத்தைச் சோதிக்கத் தனி வசதி ஒன்று இருக்கிறது: பனி. ஐந்தையும் 3 இன்ச் உயரத்தில் ஏ3 தாளில் அடித்து, கடைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினேன். ஒரு இன்ச் எழுத்துக்குப் பத்தடி தூரம் என்பது போர்டுக்காரர்களின் பழைய கணக்கு. அதாவது 30 அடியில் எல்லாமே பளிச்சென்று தெரியும், தெரிந்தது. அதில் தீர்மானிக்க எதுவும் இல்லை. சாயங்காலம் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்த பிறகு மறுபடி போய் நின்றேன். பின்னால் நகர நகர ஒவ்வொன்றாகச் சாயம் வெளுத்தது.

முதலில் போனது சின்செல். நாட்டனேல் காமா என்ற போர்ச்சுகீசியர் வரைந்தது, இலவசமாகக் கிடைப்பது, கல்யாணப் பத்திரிகை முதல் ரிசார்ட் போர்டு வரை இப்போது எங்கும் இருப்பது. ரோமானியர் கல்வெட்டுதான் அதற்கு மூலம். அந்த மரபுப்படி ஒரே எழுத்துக்குள் தடித்த கோடும் மெல்லிய கோடும் மாறி மாறி வரும். ஆங்கில ‘என்’-இல் இரண்டு தூண்களும் மெலிவு, குறுக்குச் சாய்கோடு தடிப்பு. ‘ஏ’-வில் இடது கால் மெலிவு. மிகக் கனமான பிளாக் வார்ப்பிலும் இந்த வித்தியாசம் விடவில்லை. பனியில் தூண்கள் மங்கி, ‘என்’ வெறும் சாய்ந்த கட்டையாக நின்றது. கிட்டத்தில் ராஜகம்பீரம்; தூரத்தில் பாதி எழுத்து. இன்னொன்றும் உண்டு: சின்செலில் சின்ன எழுத்தே கிடையாது, சின்ன அளவில் வரைந்த பெரிய எழுத்துதான். பெயரை மட்டும் எழுதினால் பரவாயில்லை. இரண்டு வரி சேர்ந்தால் அதட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

காப்பர்பிளேட் காதிக்கைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ரெடெரிக் கௌடி 1901-இல் வரைந்தது. நுனியில் முள் மாதிரி குட்டிச் செரிஃப். விசிட்டிங் கார்டில் அச்சின் மூலை மழுங்காமல் காப்பாற்றவே அந்த முள். வக்கீல் ஆபீஸ் கார்டுக்கு அழகு. 20 அடி தாண்டினால் முள் மறைந்து, அகலமான மொட்டை எழுத்தாகிவிடுகிறது. அதோடு அதில் உண்மையான இடையும் இல்லை; தண்டு நேராகத்தான் போகிறது.

ஆப்டிமாவைக் கழிக்க எனக்கு மனமே வரவில்லை. ஹெர்மன் சாஃப் 1950-இல் ஃப்ளாரன்ஸ் நகரத்து சாண்டா க்ரோச்சே தேவாலயத்தில், தரையில் பதித்த கல்லறைக் கற்களைப் பார்த்திருக்கிறார். கையில் வேறு தாள் இல்லாமல் 1000 லிரா நோட்டின் மேலேயே எழுத்தைக் குறித்துக்கொண்டார். 1958-இல் அச்சுக்கு வந்தது. வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சுவரில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் கறுப்புக் கல்லில் இதே எழுத்தில்தான் இருக்கின்றன. தங்கச்சி பார்த்தது ஊட்டிக் கல்லறைக் கல், சாஃப் பார்த்தது ஃப்ளாரன்ஸ் கல்லறைக் கல். பொருத்தம் பத்துக்குப் பத்து என்றுதான் முதலில் நினைத்தேன்.

சிக்கல் அதன் நளினத்தில் இருக்கிறது. ஆப்டிமாவின் இடை தலைமுடி அளவுக்கு நுட்பமானது. நினைவுச் சுவரை ஆள் கிட்டே போய், விரலால் தடவிப் படிக்கிறார். அங்கே அந்த நுட்பம் பேசும். கோத்தகிரி ரோட்டில் வளைவு திரும்பும் வண்டிக்காரருக்கு அது எட்டாது. கனம் ஏற்றினால் இன்னும் மோசம்: தண்டு தடிக்கத் தடிக்க இடை காணாமல் போகிறது. ஒல்லியானவர் வேட்டியை இறுக்கினால் இடை தெரியும், தொந்தி உள்ளவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். பழைய லேசர் பிரிண்டர் காலத்தில் ஆப்டிமா அடித்தால் தண்டில் படிப்படியாக விழும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

மிச்சம் இரண்டு. ஃப்ரிஸ் குவாட்ராட்டா, எர்ன்ஸ்ட் ஃப்ரிஸ் 1965-இல் வரைந்தது. பனியில் நன்றாகவே நின்றது. நுனி உளி போலக் கூர்மை, தண்டு கனம், ஐ-க்கு நல்ல நிமிர்வு. ஆனால் ‘ஆர்’ எழுத்தின் வயிறு தண்டோடு ஒட்டாது. வளைவு பாதியில் நின்று ஒரு சின்னத் திறப்பு விடும். அச்சில் அது அழகான மூச்சு. மரப் போர்டில் அதைப் பார்த்து தங்கச்சியின் அம்மா கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: “இது என்ன, இப்பவே பெயின்ட் உரிஞ்சிருக்கு?” அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவர் கேட்டது நியாயம்தான். மழையும் பனியும் அரிக்கிற ஊரில், வேண்டுமென்றே விட்ட இடைவெளியும் சிதைவாகத்தான் தெரியும்.

ஆல்பர்டஸ் கடைசிவரை தெரிந்தது. மற்ற எல்லாம் சாம்பல் பூசின பிறகும் அதில் ‘டி’-யின் இரு தோள்களும் ‘எல்’-லின் கால் நுனியும் மூலையோடு நின்றன. ஏன் என்று வீட்டுக்கு நடக்கும்போது யோசித்தேன். பனி ஒரு எழுத்தை மங்கலாக்கும்போது முதலில் தின்பது மூலைகளைத்தான். சதுர மூலை உருண்டையாகும். மொட்டை எழுத்தின் தண்டு இரு முனையும் தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடுவது அதனால்தான். உடுக்கை எழுத்தில் மூலையில் கொஞ்சம் கூடுதல் சதை இருக்கிறது. பனி அந்தக் கூடுதலைத் தின்றுவிட்டுப் போகும்போது, மிச்சம் நிற்பது சரியான சதுரம். விரிவு அகலமாக இருந்தால்தான் இது நடக்கும். ஆப்டிமா தோற்றதும் ஆல்பர்டஸ் நின்றதும் இந்த ஒரு காரணத்தால். ஆல்பர்டஸில் தடிப்பு மெலிவு வித்தியாசமும் குறைவு. ஆகவே எந்தக் கோடும் தனியாகத் தொலைவதில்லை.

இந்த எழுத்தோடு எனக்குப் பழக்கம் இருபது வருஷமாக உண்டு, பெயர்தான் தெரியாமல் இருந்தது. போர்டு, லேபிள் வரையும் சாஃப்ட்வேர், காசு கொடுத்து வாங்கிய பழைய கோரல் டிரா ஒன்று என்னிடம் இருக்கிறது. அதோடு வந்த பிட்ஸ்ட்ரீம் நிறுவன எழுத்துருக்களில் ‘ஃப்ளேர்செரிஃப் 821’ என்று ஒன்று. கண்ணாடிக் கடை, பேக்கரி, எஸ்டேட் கேட் என்று எத்தனையோ போர்டுக்கு அடித்திருக்கிறேன். அது வேறு பெயரில் வந்த ஆல்பர்டஸ்தான் என்பது பின்னால்தான் தெரிந்தது. ‘சாஃப் ஹியூமனிஸ்ட் 601’ என்று பக்கத்தில் இருந்தது ஆப்டிமா. ஊர்ப் பெயரை மாற்றி டிக்கெட் கொடுத்த மாதிரி.

ஆல்பர்டஸை வரைந்தவர் பெர்தோல்ட் வோல்ப், ஜெர்மனிக்காரர். உலோகத்தில் எழுத்து வெட்டிப் பழகிய கை. 1930-களில் மோனோடைப் நிறுவனத்துக்காக வரைந்தார். லண்டன் மாநகரின் பழைய மையப் பகுதியில் தெருப்பெயர்ப் பலகைகள் இன்றும் இந்த எழுத்தில் இருக்கின்றன. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு சேதி. வோல்ப் வெண்கலத்தில் எழுத்தைக் குழித்து வெட்டவில்லை. எழுத்தைச் சுற்றியுள்ள உலோகத்தைச் செதுக்கி எடுத்து, எழுத்தை மேடாக நிறுத்தினார். வெளியிலிருந்து உள்நோக்கி வெட்டிய வடிவம் அது. அதனால்தான் அதில் அலங்காரச் சுருள் எதுவும் இல்லாமல், உளிக்குத் தோதான கட்டை குட்டையான அழகு. இந்தச் சேதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மரத்துக்கு வரும்போது வேண்டும்.

இத்தனையும் ஆங்கிலம். போர்டில் பெரிதாக நிற்கப் போவது தமிழ். தமிழ்நாட்டுக் கடைப் போர்டில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ் 8 இன்ச் என்றால் ஆங்கிலம் 4.8 இன்ச். நம் ஆட்கள் (நானும்தான்) செய்கிற தப்பு, நல்ல ஆங்கில எழுத்துருவை ஆசை ஆசையாகத் தேர்ந்துவிட்டு, தமிழுக்கு வந்ததும் கையில் கிடைத்ததை மாட்டுவது. மாப்பிள்ளைக்குச் சூட், பெண்ணுக்கு நைட்டி.

அப்படியானால் தமிழில் உடுக்கை எழுத்து உண்டா? இலவசத் தமிழ் எழுத்துருக்களில் தேடினேன். காட்டமரான் ஒன்பது கனங்களில் வருகிறது. கட்டுமரத்தின் பெயர்தான், மலையில் அது கரையொதுங்கியது எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் சுத்தமான மொட்டை எழுத்து. அரிமா, சின்செல் வரைந்த அதே காமாவும் ஜோவானா கொரெய்யாவும் சேர்ந்து செய்தது. நுனியெல்லாம் மெத்தென்று இருக்கும். பேக்கரிக்கு ஆகும், உளி எழுத்துக்குப் பக்கத்தில் ஆகாது. டிரோ தமிழ் அழகோ அழகு, ஆனால் ஒரே கனம், புத்தகத்துக்கென்று பிறந்தது. நோட்டோ செரிஃப் தமிழ் மெல்லியதிலிருந்து பிளாக் வரை எல்லாக் கனத்திலும் கிடைக்கிறது, கோட்டில் தடிப்பு மெலிவும் உண்டு. இருப்பதில் நெருங்கிய சொந்தம் அதுதான். அதையும் ஆல்பர்டஸ் பக்கத்தில் வைத்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத் தெரியவில்லை.

இதற்கு ஒரு அடிப்படைக் காரணம் இருக்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்து தண்டு நட்டு நிற்பது. அதற்கு மேல் நுனி, கீழ் நுனி இரண்டும் உண்டு. தமிழ் எழுத்து பெரும்பாலும் சுழியில் தொடங்கி வாலில் முடிகிறது. ‘ல’-வை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே சுருண்டு தொடங்கி, ஏறி, இறங்கி, வலப்பக்கம் மேலே போய் நிற்கிறது. விரிக்க இடம் அந்த ஒரு வலக் கொம்பு மட்டும். ‘ய’-வுக்கு இரண்டு கொம்பு. ‘த’-வுக்குக் கீழ் வால். கண்ட இடமெல்லாம் ஆங்கிலக் காலை ஒட்டவைத்தால் தமிழ் எழுத்து பூட்ஸ் போட்ட மாதிரி ஆகும். அப்படிப்பட்ட எழுத்துருக்களும் சந்தையில் இருக்கின்றன, பெயர் வேண்டாம்.

கனமும் தனித் தொல்லை. ‘நீ’-யின் ஈகாரச் சுழி, ‘தே’-யின் கொம்பு, ‘லை’-யின் கொம்பு என்று எல்லாவற்றுக்குள்ளும் ஓட்டைகள். ஆல்பர்டஸ் கனத்துக்குத் தமிழை ஏற்றினால் அந்த ஓட்டைகள் அடைந்துபோகும். குன்னூர் ஸ்டேஷனில் மஞ்சள் பலகையில் கறுப்பில் நிற்கிறதே, அந்தத் தமிழைப் போய்ப் பார்த்தேன். மொட்டை எழுத்து, கனம், ஆனால் ஓட்டையெல்லாம் தாராளமாகத் திறந்திருக்கிறது. தெளிவுக்கு அதற்கு மேல் வேண்டாம். என்ன, நம் மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் ஏறி ஊட்டி சேர ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்த வேகத்துக்கு எந்த எழுத்தில் எழுதினாலும் படித்துவிடலாம்.

கடைசியில் அப்பாவின் பிரஷ்தான் வழி சொன்னது. அவர் ‘ர’-வின் காலை இழுக்கும்போது கவனித்திருக்கிறேன். பட்டை பிரஷ்ஷை மேலே வைத்து லேசாக அழுத்துவார். பிரஷ் அகலும். அழுத்தத்தைத் தளர்த்திக் கீழே கொண்டு வருவார். கோடு ஒடுங்கும். முடிக்கும் இடத்தில் மறுபடி அழுத்தி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கைப்பிடியை ஒரு நூல் அளவு உருட்டி எடுப்பார். நுனி விரிந்து, மூலை கூர்மையாக நிற்கும். அதுதான் அவருடைய ‘இடை’. அமெரிக்காவில் எட்வர்ட் கேட்டிச் என்று ஒரு பாதிரியார், போர்டு எழுதும் வேலையும் தெரிந்தவர். கி.பி. 113-இல் நிறுத்திய ட்ராஜன் தூண் கல்வெட்டை ஆராய்ந்து, ரோமானியர் முதலில் பட்டை பிரஷ்ஷால் கல்லில் எழுதி அதன் மேல்தான் உளி ஓட்டினார்கள், செரிஃப் பிறந்தது பிரஷ்ஷில் என்று வாதாடியவர். அப்பாவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் “இதுக்கு ஆராய்ச்சி வேறயா?” என்றிருப்பார்.

அதனால் நோட்டோ செரிஃப் தமிழை ஒரு படி குறைந்த கனத்தில் எடுத்து, கோரலில் கன்ட்ரோல் க்யூ அடித்து, எழுத்துரு தேவைப்படாத வெறும் கோடாக மாற்றி, அதைக் கீழே வைத்து மேலே பட்டர் பேப்பர் போட்டு, ஏழு எழுத்தையும் கையால் மறுபடி வரைந்தேன். சுழிகளைத் தொடவில்லை. கொம்பு, கால், வால் ஆகிய முடிவுகளை மட்டும் பிரஷ் அழுத்தம் போல விரித்தேன். இப்போது தமிழ் வரி ஆல்பர்டஸுக்குச் சொந்தமாகத் தெரிந்தது. ஆங்கிலத்துக்காகத் தமிழ் எதையும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. சொல்லப்போனால், ஃப்ரிஸ்ஸின் கூர் நுனி நம் சுழிக்குப் பக்கத்தில் முள்ளாகக் குத்துகிறது என்பது இந்த இடத்தில்தான் தெளிவாகத் தெரிந்தது. தமிழை முதலில் வரைந்துவிட்டு ஆங்கிலத்தைத் தேடியிருந்தால் பாதி நேரம் மிச்சமாகியிருக்கும்.

‘லை’ விஷயத்தில் ஒரு சண்டை. தங்கச்சியின் அம்மாவுக்குப் பழைய துதிக்கை ‘லை’ வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் படித்தவர். அவர் கண்ணுக்கு அதுதான் தேயிலை. வரைந்தும் பார்த்தேன். யானைத் துதிக்கை மேலே வளைந்து போக, உடுக்கை நுனியோடு அபாரமாக இருந்தது. ஆனால் கடைக்கு வரப்போகும் டூரிஸ்ட் பிள்ளைகளில் பாதிப் பேர் அதைப் படிக்கமாட்டார்கள். போர்டில் புதிய ‘லை’, பாக்கெட் மூடியில் முத்திரை போலப் பழைய ‘லை’ என்று பேசி முடித்தோம்.

மரத்துக்கு வருவோம். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் பலகையை ஒட்டி, 20 மில்லிமீட்டர் தடிமனில் போர்டு. கம்ப்யூட்டர் சொன்னபடி மரத்தைக் குடையும் சிஎன்சி ரூட்டர் மிஷினில் வெட்டலாம். வழி மூன்று: வி வடிவ பிட்டால் (வெட்டும் முனை) குழித்து வெட்டுவது, தட்டையாகப் பள்ளம் எடுப்பது, சுற்றிலும் எடுத்துவிட்டு எழுத்தை மேடாக விடுவது.

கல்லில் பார்த்த எழுத்து வி வெட்டுதான். விரியும் இடத்தில் பள்ளமும் ஆழமாகப் போகும், நிழல் விழும். அதைத்தான் தங்கச்சி விரும்பினார். கணக்கு உதைத்தது. 90 டிகிரி வி பிட்டில், எழுத்தின் அகலத்தில் பாதி ஆழம் போகும். ஆங்கிலத் தண்டு நடுவில் 24, நுனியில் 30 மில்லிமீட்டர். ஆழம் 12-இலிருந்து 15. சரி. தமிழ்க் கோடு 40 மில்லிமீட்டர், ஆழம் 20. பலகையின் தடிமனே 20. ‘நீ’ மறுபக்கம் வழியாக எட்டிப் பார்க்கும். 120 டிகிரி பிட் போட்டால் பதினொன்றரையில் நிற்கும், ஆனால் சரிவு அவ்வளவு சாய்ந்தால் நிழல் செத்துவிடும். மெல்லிய எழுத்துக்குப் பிறந்த வெட்டு அது. கனமான எழுத்துக்கு இல்லை.

தட்டைப் பள்ளம் சுலபம், மலிவு. ஆனால் பிட் உருண்டை. 6 மில்லிமீட்டர் பிட் பள்ளத்தின் மூலையில் 3 மில்லிமீட்டர் ஆரத்துக்குள் நுழையாது. பள்ளமாக வெட்டும் எழுத்தில் மழுங்குவது எழுத்தின் வெளி மூலை. ஆங்கிலத் தண்டு நுனியில் பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர்தான் விரிகிறது. அத்தனை பாடுபட்டுத் தேர்ந்த விரிவை பிட் ஒரே சுற்றில் உருட்டிவிடும். அதோடு இங்கே பெய்கிற மழைக்குப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், இரண்டு வருஷத்தில் பாசி. ஊட்டிக் கல்லறைகளில் மெல்லிய கோடெல்லாம் பாசியில் மூழ்கி, தடித்த கோடு மட்டும் படிக்கக் கிடைப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

மேடாக விட்டால் எல்லாம் தலைகீழ். உருண்டை பிட் எழுத்துக்கு வெளியே ஓடுகிறது. வெளி மூலைகளை அது கூர்மையாகவே விட்டுச் செல்லும். மழுங்குவது இரண்டு கோடுகள் சேரும் உள்முடுக்கு மட்டும், அங்கே கண் போகாது. தண்ணீரும் வடிந்துவிடும். வோல்ப் வெண்கலத்தில் செய்ததும் இதுதான்! அந்த எழுத்து அப்படி வெட்டப்படவே பிறந்தது என்று நெஞ்சில் பட்டது அன்றைக்குத்தான். நஷ்டம், நேரம். 16 சதுர அடி பரப்பில் எழுத்தைத் தவிர மிச்சமெல்லாம் 5 மில்லிமீட்டர் எடுக்க வேண்டும். பள்ளம் வெட்டுவதைப் போல மூன்று மடங்கு மிஷின் ஓடியது. தங்கச்சி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “ஒரு தடவைதானே அண்ணா” என்றார்.

போர்டின் தரை கரும்பச்சை, எழுத்து தந்த நிறம். இருண்ட பின்னணியில் வெளிர் எழுத்து இருப்பதைவிடப் பருத்துத் தெரியும் என்பதால் தமிழின் கனத்தை இன்னும் ஒரு இழை குறைத்தேன். ஓட்டைகள் திறந்தே இருந்தன.

பாக்கெட்டுக்கு இதே தீர்ப்பு செல்லாது. பழுப்புக் காகிதப் பையில் நேராக ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தால் மை ஊறி நுனி உருண்டுவிடுகிறது. அதனால் வழவழப்பான ஸ்டிக்கர் லேபிள். பெயருக்கு ஆல்பர்டஸ்தான், ஆனால் போல்டு இல்லை, அதற்கு ஒரு படி கீழ். கையில் பிடித்துப் பார்க்கும் பொருளுக்கு அவ்வளவு குரல் வேண்டாம். பணம் போட்டு ஆப்டிமா வாங்க முடிந்தவர்கள், பாக்கெட் மட்டும்தான் வேலை என்றால், தாராளமாக அதை எடுக்கலாம். சாஃப்பின் நுட்பம் அந்தத் தூரத்தில்தான் உயிர் பெறும். லேபிளின் பின்பக்கம் நிகர எடை, எம்ஆர்பி, பேக்கிங் தேதி, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண் எல்லாம் சாதாரண மொட்டை எழுத்தில், முக்த மலர் என்ற எழுத்துருவில். உடுக்கை எழுத்தைப் பொடியாக்கி அங்கே போடாதீர்கள். இடை தெரியாது, தடுமாற்றம் மட்டும் தெரியும். முன்பு ஒரு தைல லேபிளுக்கு முழுவதும் சின்செல் போட்டுக் கொடுத்து, ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்ற ஆங்கில எச்சரிக்கையை யாருமே படிக்காமல் போன அனுபவம் எனக்கு உண்டு. அதே வேலையில் அச்சகம் ஒன்று தமிழ் எழுத்துரு இல்லாமல் ஃபைலைத் திறந்து, அரைப் பக்கம் கட்டம் கட்டமாக அடித்துக் கொடுத்தது தனிக்கதை. அதற்குப் பிறகு கோடாக மாற்றாத ஃபைல் என் கடையை விட்டு வெளியே போவதில்லை.

ஏப்ரல் கடைசியில் போர்டு ஏறியது. முதல் பனியில் ரோட்டின் எதிர் வளைவிலிருந்து பார்த்தேன். மூன்று ஐ-யும் தனித்தனியாக நின்றன, ‘நீ’-யின் சுழிக்குள் பச்சை தெரிந்தது. ஒரே ஒரு இடத்தில் கோட்டை விட்டேன். பலகையின் இழை குறுக்குவாட்டில் ஓடுகிறது. தண்டுகளின் விரிவு இழையோடு போவதால் உறுதியாக நிற்கிறது. ஆங்கில ‘ஈ’-யின் மூன்று கைகளுக்கு விரிவு மேலும் கீழும். இழைக்குக் குறுக்கே நீட்டிய முள் மாதிரி. நடுக்கையின் கீழ் நுனி, போர்டை ஏற்றும்போது ஏணியில் உரசி, அரிசிமணி அளவுக்குப் பிய்ந்து வந்துவிட்டது. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, மேலே பெயின்ட் தொட்டு வைத்திருக்கிறேன். அடுத்த போர்டுக்கு அந்த ஒரு நுனியை வரையும்போதே பாதியாகக் குறைக்க வேண்டும்.